எட்டு ரூம் டிவியிலும் நானே

வில்லியனூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி அய்யனார் அவர்களுக்கு, கனகராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் மானத்தைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தை விசாரிக்க எனக்கு முகமில்லை.

மகள் வயிற்றுப் பேரனையும் கூட்டிக்கொண்டு கல்யாணத் தேதி குறிக்க வந்த நீங்கள், இரண்டு நாள் என் லாட்ஜில் தங்குவதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே "பேரனுக்குக் காய்ச்சல்" என்று கிளம்பிவிட்டீர்கள். அது என் மரியாதையைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதத்தோடு பழைய கேபிள் நின்றுவிடும், இனி எல்லாம் டிஜிட்டல், ரூமுக்கு ஒரு செட்டாப் பாக்ஸ் வைக்காவிட்டால் டிவி வெறும் கண்ணாடிதான் என்று கேபிள் கம்பெனியார் லாட்ஜ்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்துச் சொன்னார்கள். நான் டீயை மட்டும் ஒழுங்காகக் குடித்தேன். எட்டு ரூமுக்கு எட்டு பாக்ஸ் எதற்கு, ரிசப்ஷனில் ஒன்றை வைத்து ஒயரைப் பிரித்து எல்லா ரூமுக்கும் விட்டுவிடலாம் என்று கேபிள்கார புகழ்வேந்தன் சொன்னதும் பிடித்துக்கொண்டேன். நீங்கள் வருவதற்குள் முடிடா முடிடா என்று நான் அவசரப்படுத்த, அவன் பாக்ஸில் செருக வேண்டிய ஒயரைப் பக்கத்திலிருந்த கேமரா டப்பாவில் செருகிவிட்டுப் போய்விட்டான். திருடன் வந்தால் தெரியட்டும் என்று ரிசப்ஷனில் மாட்டிய கேமரா அது. அன்று சாயங்காலம் எந்த ரூமில் டிவியைப் போட்டாலும் நான்தான் வந்தேன். எனக்கு மட்டும் அது தெரியாது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. ரிசப்ஷனில் உட்கார்ந்துகொண்டு, ரூமைக் காலி பண்ணிப் போனவர்களின் போர்வைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, ரொம்ப மோசமானதை மட்டும் சலவைக்குப் போட்டு, மீதியில் பன்னீர் தெளித்து மடித்து, 'துவைத்தது' என்று எழுதிய அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எப்பவும் செய்யறதுதான் சம்பந்தி, பொய் சொல்லல. மாடியில் ஒரே சிரிப்பு. டிஜிட்டலில் காமெடி சேனல் என்ன தெளிவு என்று சந்தோஷப்பட்டு இன்னும் நாலு போர்வையை மோந்தேன். அப்போது ஐந்தாம் நம்பரில் தங்கியிருந்த மணியம்மாள் என்கிற அம்மா படியிறங்கி வந்து, "இன்னாபா, டிவியப் போட்டா நீயே வர்ற? மோந்து மோந்து மடிக்கிறியே, எங்க ரூமுக்குக் குடுத்ததும் இதானா?" என்றார். அங்கேயே உயிர் போயிருக்கலாம். மூன்றாம் நம்பரில் நீங்களும் சம்பந்தியம்மாவும் பார்த்துக்கொண்டிருப்பீர்களே என்பதுதான் முதலில் தோன்றியது.

என் புத்திக்காக என் பெண் தீபிகாவை வேண்டாமென்று சொல்லிடாதீங்க. அவ அவங்கம்மா மாதிரி, கைக்குட்டையக்கூட ரெண்டு தடவ அலசறவ. சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம், அது இன்னும் செல்லுபடியாகும் என்றால்.

தலைகுனிந்து,
கனகராஜ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது புகழ்வேந்தன் வந்தான். மூன்றாம் நம்பர் டிவிக்கு அவன் ஒயரே கொடுக்கவில்லையாம். நீங்கள் எதையுமே பார்க்கவில்லை! தீபிகா மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கேட்டாள், காய்ச்சலும் நிஜம்தானாம். தப்பித்தேன் என்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கொழந்தைக்குப் போத்திக்க எந்தப் போர்வைபா குடுத்த?" என்றாள். நான் அந்த 'துவைத்தது' அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். கடிதத்தை அவளே உங்கள் ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறாள். பேரனை டாக்டரிடம் காட்டும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.