சுவரில் பூத்த திருநீறு

கரங்கானில் ஒரு சுவருக்கு அருள் வந்துவிட்டது. மனிதனுக்கு வந்தால் வேப்பிலை அடித்து இறக்கலாம். சுவருக்கு வந்தால்? கும்பிட வேண்டியதுதான். யான் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பாக்கார் ஆராங்கிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரில் வந்தார்கள். வந்தவர்கள் முதல் மாலையை வாசலில் நின்ற பலகைக்குப் போட்டார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பலகை இருப்பதே மாலை போடத்தானே!

அந்தச் சுவர் ரப்பர் தோட்டத்துப் பழைய மண்டபத்துடையது. வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. பாரம்பரியக் கட்டடம் என்று அரசாங்கப் பட்டியலில் ஏறிவிட்டதால் செப்பனிட்டு ஊர்க் காரியங்களுக்கே திரும்பக் கொடுப்பதாக ஏற்பாடு. அங்கே கூலி வேலை புஷ்பவள்ளிக்கு. முப்பது வருஷம் பால்மரம் சீவிய கை இப்போது சுவர் சுரண்டியது. தை மாதம் அவள் மகள் ரூபினிக்குக் கல்யாணம். இந்த மண்டபத்தில்தான் என்று பத்திரிகையே அடித்தாகிவிட்டது.

யாரோ எப்போதோ பூசிவைத்த சிமெண்டை உரித்தார்கள். நாலாம் நாள் சுவரெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. அன்றைக்கே யோகேந்திரனும் முளைத்தான். போன வருஷம் வரை வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றவன். இப்போது யோகேந்திர சித்தர். தாடிகூட இன்னும் முழுசாக வளரவில்லை. பக்தர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

"திருநீறு! தானா பூக்குது! இனிமே இந்தச் சுவர்ல ஒருத்தனும் கை வைக்கக்கூடாது!"

வேலை நின்றது. மண்டபம் மடமாகப் போகிறது என்று பேச்சு. செவ்வாய்க்கிழமை சித்தர் சுவருக்கு வாளி வாளியாகத் தண்ணீர் அபிஷேகம் செய்வார். காய்ந்து, வெள்ளிக்கிழமை திருநீறு பூக்கும். அதைச் சுரண்டிப் பொட்டலம் கட்டி, சகல நோய்க்கும் மருந்து என்று கொடுப்பார். காலை ஒரு சிட்டிகை, மாலை ஒரு சிட்டிகை.

மண்டபத் தலைவர் மணியம் ஒருநாள் தூணைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே இப்படித் தள்ளாடுறீங்க?" என்றாள் புஷ்பவள்ளி.

"பிரஷர்மா. க்ளினிக் உபாட்ட, மாத்திரைய எல்லாம் நிறுத்திட்டேன். சித்தர் ரெண்டு சிட்டிகைய நாலாக்கச் சொன்னாரு."

"நாலாக்குனதும்?"

"இன்னும் ஏறிடுச்சுலா. கெட்டது வெளிய வர்ற அறிகுறியாம்."

சுரண்டும்போது உதட்டில் பட்ட தூளின் ருசி புஷ்பவள்ளிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை, கூட்டத்துக்கு நடுவில் இரண்டு கண்ணாடி கிளாஸில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"சாமி, இது எங்க வீட்டுத் திருநீறு. இது உங்க சுவர்த் திருநீறு."

இரண்டையும் தனித்தனி கிளாஸில் போட்டுக் கலக்கினாள். வீட்டுத் திருநீறு அடியில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தது. சுவர்த் திருநீற்றைக் காணோம்.

"மறைஞ்சிடுச்சு! முருகா!" என்று ஒரு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஜோதியில கலந்துடுச்சு தாயி," என்றார் சித்தர்.

"ஜோதியில இல்ல சாமி, தண்ணியில. சாம்பல் எங்கயாச்சும் கரையுமா? நீங்களே குடிச்சுக் காட்டுங்க."

"குடிங்க சாமி! குடிங்க!" கூட்டம் பக்தியோடு நெருக்கியது. கிளாஸ் தாடியைத் தொட்டது.

"ஐயோ வேணாம்மா! எனக்கு பிரஷர் இருக்கு! உப்பே தொடக்கூடாதுன்னு டாக்டர்..."

சித்தர் வாயைப் பொத்திக்கொண்டார். உண்மை அதற்குள் வெளியே வந்துவிட்டது.

கூட்டத்திலிருந்த மணியம் கிளாஸைப் பிடுங்கி ஒரு வாய் குடித்துத் துப்பினார். "உப்பு! அடப்பாவி, நாலு சிட்டிகைடா!"

சித்தர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். துரத்தப் போன மணியத்தை நாலு பேர் பிடித்து க்ளினிக்குக்கு ஏற்றினார்கள்.

புஷ்பவள்ளி வாசல் பலகையிலிருந்த மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மேலே மலாயில் எழுதியிருந்தது, கீழே தமிழில். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள், கூட்டித்தான் வாசித்தாள்.

"சு... வ... ரில்... உப்பு... எடுக்கும்... பணி."

திரும்பிப் பார்த்தாள். "பள்ளிக்கூடம் போனவங்க இத்தன பேரு இருக்கீங்க. சோத்துல உப்புப் போட்டுத்தானே சாப்பிடுறீங்க?"

மறுநாளே வேலை தொடங்கியது. ஈரக் காகிதக் கூழை அப்பி, சுவர் குடித்த உப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சொன்ன தேதியில், புதுச் சுண்ணாம்பு வாசத்தோடு, ரூபினி கழுத்தில் தாலி ஏறியது. ரசத்தில் உப்புக் குறைவு என்று ஊரே குறை சொன்னது, மணியத்தைத் தவிர.

நாளைக்கு வேறு எங்காவது இன்னொரு சுவர் பூக்கும். கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு முன், நாக்கில் ஒரு துளி போட்டுப் பாருங்கள்.