சம்பந்தி வீட்டு ஏப்ரன்

மரியாதைக்குரிய பாவா துளசிங்கம் அவர்களின் சமூகத்துக்கு,

திருத்தணியிலிருந்து பரந்தாமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. மலைமேல் இருப்பவன் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை மணியம்மையும் சௌக்கியம். நம் பெண் ஷாலினியின் கல்யாணம் மட்டும் சௌக்கியமில்லை.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாய் திறந்ததுமே நீங்கள் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தைத் திட்டினால் எனக்குக் கேட்காது. உங்கள் சூரத் நண்பரின் மகன் ராஜீவை விட்டுவிட்டு அரக்கோணத்து மாப்பிள்ளையைப் பார்த்தேன் என்ற கோபத்தில், தாய்மாமனாகிய நீங்கள் நிச்சயதார்த்தத்துக்கே வரவில்லை. வந்திருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது என்று உங்கள் தங்கை மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை அசோக்குமார் தங்கமான பையன். அவன் அப்பா ராஜமாணிக்கம் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜியைக் கையில் எடுத்ததிலிருந்து தலைவர்களைப் பற்றியே பேசினார். “அமெரிக்காவோட மொத ஜனாதிபதி வாஷிங்டன் எங்க ஆளுங்க. சர்ச்சில் எங்க ஆளு. மோதிலால் நேரு எங்க ஆளு. விவேகானந்தரே சாமியாராவறதுக்கு முன்னாடி கல்கத்தாவுல எங்க சங்கத்துல சேந்தவருங்க” என்றார். நம் பக்கத்தில் ‘எங்க ஆளு’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். என் சித்தப்பா ராஜவேலு வாயைப் பிளந்து, “நம்ம சாதிசனம் அமெரிக்கா வரைக்கும் போயிகீதா?” என்று கேட்டுவிட்டார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர் ஃப்ரீமேசன் என்ற சங்கத்தில் இருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு கூடுவார்களாம், உள்ளே நடப்பதை வெளியே சொல்லமாட்டார்களாம், பெண்களுக்கு அங்கே இடமில்லையாம், ஆனால் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைப்பார்களாம். சங்கத்துக்காரர்கள் இடுப்புக்கு முன்னால் கட்டுகிற ஏப்ரனை வாஷிங்டன் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தையும் ஃபோனில் காட்டினார். உடனே உங்கள் தங்கை, “நம்ம ஊரு பக்கத்துல பொறந்து ஜனாதிபதி ஆனாரே, ராதாகிருஷ்ணன் ஐயா, அவரு இருந்தாராங்க?” என்றாள். “அது எனக்குத் தெரியலைங்கம்மா” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனுஷன் என்று எனக்கு அங்கேயே பிடித்துப்போனது. அதுகூடத் தெரியாத சங்கம் என்ன சங்கம் என்று உங்கள் தங்கைக்குப் பிடிக்காமல் போனது.

நிச்சயதார்த்தம் மலையடிவாரத்து மண்டபத்தில். தட்டு மாற்றினோம். தட்டில் வந்த துணியை அப்போதே உடுத்திக்கொண்டு சபையில் வந்து நிற்பதுதானே நம் வீட்டு வழக்கம். பெண்ணைப் பெற்றவனுக்கும் அது உண்டு. நிற்காவிட்டால் சீரில் குறை கண்டான் என்று ஆகிவிடும். எனக்கு வந்த தட்டில் தட்டையாக ஒரு பெட்டி. பட்டுவேட்டி இருக்கவேண்டிய பெட்டி. சம்பந்தியம்மா காஞ்சனா கிளம்புகிற அவசரத்தில் பீரோவிலிருந்து வேறு பெட்டியை எடுத்து வைத்துவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அறைக்குப் போய்த் திறந்தால், வெள்ளையாக ஒரு ஏப்ரன், சுற்றிலும் நீல பார்டர். படத்தில் பார்த்த அதே சாமான். நம்மையும் ஒரு தலைவனாக மதித்து வைத்திருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது பாவா. வாஷிங்டனே கட்டிக்கொண்டதை இந்தப் பரந்தாமன் கட்டிக்கொள்ள மாட்டானா? வேட்டிக்கு மேலே கட்டிக்கொண்டு சபை நடுவில் வந்து கும்பிட்டேன். நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். ராஜவேலு சித்தப்பா கிட்டே வந்து தடவிப் பார்த்து, “டேய், இது பட்டும் இல்ல நூலும் இல்ல, ஆட்டுத்தோலுடா!” என்று கத்தினார். அதற்குள் என் தங்கை மகள் அம்மு படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டாயிற்று. சம்பந்தி மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து, “கழட்டுங்க, கழட்டுங்க! வெளியாளு கட்டக்கூடாதுங்க!” என்று அலறினார். பெண்ணைப் பெற்றவனைப் பார்த்து ஒருவர் கழட்டுங்க என்று கத்தினால் பின்வரிசையில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏப்ரனை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பந்தியில்கூட உட்காராமல் அரக்கோணம் போய்விட்டார்.

ஒரு வாரமாகப் பேச்சுமூச்சு இல்லை. ஷாலினி சரியாகச் சாப்பிடுவதில்லை. என்மேல் கோபமும் படவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஒருவன், “ஏன்ணா, நீ ஏதோ ரகசிய சங்கத்துல சேந்துகினியாமே, எனக்கும் ஒரு லோன் வாங்கிக் குடேன்” என்கிறான். ஆனாலும் எனக்கு நம்பிக்கை போகவில்லை. சம்பந்தம் முறிந்தால் முதல் காரியமாகச் சீர்த்தட்டைத் திருப்பிக் கேட்பார்கள், இன்றுவரை கேட்கவில்லை. ஷாலினியும் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் சீக்கிரத்தில் இறங்குவதில்லை. நீங்கள் கோபத்தை மறந்து ஒரு தடவை வந்து ராஜமாணிக்கத்திடம் பேசவேண்டும். நான் போனால் மறுபடியும் எதையாவது கட்டிக்கொண்டு நிற்பேன். தாய்மாமன் பேச்சுக்கு ஒரு எடை உண்டு. மனமில்லை என்றாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசீர்வாதமும். தணிகைவேலன் உங்களைக் காக்கட்டும், என்னையும் கொஞ்சம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
பரந்தாமன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்கவேண்டாம். கவரை ஒட்டப்போகும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ராஜமாணிக்கமும் காஞ்சனா அம்மாவும், கையில் பட்டுவேட்டியோடு. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சங்கத்துல போயி நடந்ததச் சொன்னேங்க. பெரியவரு ஒருத்தரு சிரிச்சிட்டாரு. ‘நாம கதவச் சாத்திகினு சகோதரத்துவம் பேசிகினு கீறோம். அந்த மனுஷன் என்ன ஏதுன்னுகூட கேக்காம, நீ குடுத்தன்ற ஒரே மரியாதைக்கு ஊரு முன்னாடி கட்டிகினு நின்னுகீறாரு’ன்னாரு. எனக்கு வெக்கமா போச்சுங்க” என்றார். தை மாதம் முகூர்த்தம். உள்ளே ஷாலினி சிரிக்கிற சத்தம் கேட்டது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காப்பி குடிக்கும்போது இன்னொன்றும் சொன்னார். “அப்பவும் வர்றதுக்கு எனக்குத் தயக்கம்தாங்க. சூரத்துலேர்ந்து உங்க மச்சான்தான் தெனம் ஃபோன் பண்ணி, ‘எங்க பரந்தாமன் முட்டாளுதான், ஆனா மரியாதை தெரிஞ்ச முட்டாளு’ன்னு சொல்லிகினே இருந்தாரு.” ஷாலினி நிச்சயத்தன்றே உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம்.

ஆகவே இந்தக் கடிதம் தேவையே இல்லை, தபாலில் போடவேண்டாம் என்கிறாள் உங்கள் தங்கை. நான் போடத்தான் போகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல எனக்கு வாய் வராது பாவா.