மாப்பிள்ளையோடு ஓடிய கதை

சொன்னதைக் கேட்கிற குதிரை வீட்டில் இருந்தால் யாருக்கும் கொஞ்சம் தலைக்கனம் வரும். எனக்கு நிறையவே வந்தது. எங்கள் செவலை சொல்லாததையும் கேட்கும்.

நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை அது. வாவிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றலாம் என்று என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். பழக்கியது நான்தான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்கு வெட்கம் (இப்போதும்தான், அதனால்தான் எழுதுகிறேன்). ஆகவே அதட்டல் இல்லை, பிரம்பு இல்லை. வீட்டுக்காரர் பேரம் பேசுவார், நான் முன்னால் நடப்பேன். நான் நடந்தால் அதுவும் நடக்கும், நின்றால் நிற்கும். அவ்வளவு பெரிய உருவம் கயிறே இல்லாமல் என் தோளில் மூச்சு விட்டபடி வரும் பவுசு தேயிலைத் தோட்டத்துத் துரைக்குக்கூட கிடையாது.

மகளுக்குக் கொட்டகலையில் மாப்பிள்ளை அமைந்தது. நம் குதிரையில்தான் அவரைக் கோயிலுக்கு அழைக்க வேண்டும் என்று வீட்டுக்காரரை நச்சரித்தேன். "யாரு ஏறினாலும் பச்சப்புள்ள மாதிரி போகும், பாருங்க."

கலியாணத்தன்று எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். காதருகே தப்பு முழங்கியும் செவலை அசையவில்லை. கயிற்றை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆரத்தித் தட்டோடு பூரித்து நின்றேன். அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் பெரிய லைட்டை என் முகத்தில் அடித்தார்.

"பொண்ணோட அம்மா, கொஞ்சம் சிரிங்க!"

தட்டை நாத்தனார் கையில் திணித்துவிட்டு லயத்துக்குப் பின்னால் நழுவினேன்.

முதுகுக்குப் பின்னால் குளம்புச் சத்தம். திரும்பினால் செவலை, வீட்டுக்காரர் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு வந்திருந்தது. மேலே மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் தப்புக்காரர்கள், இரண்டு வீட்டுச் சொந்தபந்தம், அந்தப் பாழாய்ப்போன லைட்டு. வேகமாக நடந்தேன். அதுவும் வேகமாக நடந்தது. ஓடினேன். (ஏன் என்று கேட்காதீர்கள், மூன்றாம் வகுப்போடு நின்ற மூளை.) துணிக்கொடிக்கு அடியில் நான் குனிந்து நுழைந்தேன். மாப்பிள்ளை குனியவில்லை. தலைப்பாகை போன இடத்தில் பக்கத்து வீட்டு உள்பாவாடை வந்தது.

"ஏய், நில்லுடி! நீ நின்னாத்தான் அது நிக்கும்!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"அத்த, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், நில்லுங்க!" இது பாவாடைக்குள்ளிருந்து.

மாப்பிள்ளையின் அப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார். "என்னங்க சம்பந்தியம்மா, எங்க பையனக் களவாண்டுட்டுப் போறீங்களா?"

மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் நின்றேன். செவலையும் நின்றது. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று நாலு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். அது என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

இனி நான் நடந்தால்தான் மகள் கழுத்தில் தாலி. முந்தானையை இழுத்துச் செருகினேன். தப்புக்கு முன்னால், லைட்டுக்கு முன்னால், கோயில் வாசல்வரை நடந்தேன். யாரும் கயிற்றைப் பிடிக்காமலே பின்னால் வரும் குதிரையைக் கொட்டகலைக்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பாதி வழியில் என் தலை தானாக நிமிர்ந்துவிட்டது. முகூர்த்தம் தப்பவில்லை.

வீடியோவில் ஊர்வலம் முழுக்க நான்தான். மாப்பிள்ளை ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும் யாராவது ஒருவர் சத்தம் போடுவார்:

"மொதல்ல பொண்ணோட அம்மாவப் புடிச்சு உக்கார வைங்கப்பா. மாப்ள தானா வந்துருவாரு!"