எண் ஏறாத எஞ்சின்

சூரியன் அரை நிமிஷம் தாமதமாக உதித்தால்கூட ‘ரிஜெக்ட்’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பக்கூடிய ஆள் ஓசூரில் ஒருவர்தான் இருந்தார். என் அறைத்தோழர் மைக்ரான் அண்ணன். ஊத்தங்கரைக்காரர். உதிரிபாகம் செய்யும் ஆலையில் குவாலிட்டி செக்கிங் வேலை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் அந்தப் பெயர். மெஸ்ஸில் இட்லி சிறுத்திருந்தால் நாங்கள் இன்னொன்று கேட்போம். அவர் ஸ்கேலை எடுப்பார்.

இரண்டு வருஷம் முன்பு, பாகலூர் சாலையில் அவருடைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது. மெக்கானிக் அதே மாடலில் வேறு எஞ்சின் மாட்டி, ரசீதோடு சாவியை நீட்டினார்.

“ஆர்.சி.ல பழைய எஞ்சின் நம்பர் இருக்கே?” என்றார் அண்ணன்.

“அதை யாரு நோட்தாரெ சார்? ஓட்டிட்டுப் போங்க” என்றார் மெக்கானிக், யார் பார்க்கப்போகிறார்கள் என்பதைப் பாதிக் கன்னடத்தில்.

யாரும் பார்க்காததைப் பார்ப்பதற்குத்தான் அண்ணனுக்குச் சம்பளமே. ஆர்.சி.யில் எண் மாறும்வரை ஏற மாட்டேன் என்று வண்டியை அறைவரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். பின்னாலிருந்து தள்ளியது நான். மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அதே ஊர்வலம்.

எஞ்சின் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்ட இன்ஸ்பெக்டர், “ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க” என்றார்.

“நம்பர் ஏறாம ஓட்டக் கூடாதுங்க சார்.”

“ஓட்டிக் காட்டினாத்தான்ப்பா நம்பரே ஏத்துவேன்!”

“அது தப்பில்லைங்களா சார்?”

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். “புது ஆர்.சி. தபால்ல வரும். கெளம்பு சாமி!”

தபால் வந்தால்தானே! அண்ணன் தினமும் காலையில் வண்டியைத் துடைப்பார், ஸ்டார்ட் செய்து அணைப்பார், பஸ்ஸில் வேலைக்குப் போவார்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் வேப்பனப்பள்ளியிலிருந்து எனக்கு போன். அப்பா மாந்தோப்பில் மயங்கி விழுந்துவிட்டார், கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோகிறார்கள். செருப்புக்குள் கால் நுழைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது.

“ஏறுடா” என்றார் மைக்ரான் அண்ணன்.

“அண்ணா, ஆர்.சி. இன்னும்...”

“ஏறுடாங்கறேன்ல!”

சூளகிரி தாண்டி போலீஸ்காரர்கள் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் நிறுத்தவில்லை. அண்ணனே போய் நின்றார். “சார், எஞ்சின் நம்பர் வேற, ஆர்.சி. நம்பர் வேற. இவங்கப்பாவுக்கு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போறோம். வரும்போது ஃபைன் கட்டிடறேன்.”

“யோவ், உன்ன யாருய்யா நிக்கச் சொன்னது? போய்யா சீக்கிரம்!” என்று போலீஸ்காரர் விரட்டிவிட்டார்.

அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். நாங்கள் போனபோது கட்டிலில் உட்கார்ந்து பன் தின்றபடி, காப்பியில் இனிப்பு போதவில்லை என்று நர்ஸிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“அப்புறமென்ன, அவசரம் தீந்துபோச்சு” என்றார் அண்ணன். வண்டியை ஆஸ்பத்திரி ஸ்டாண்டிலேயே பூட்டிவிட்டு ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டார். ஆர்.சி. கைக்கு வந்த பிறகுதான் போய் எடுத்துவந்தார்.

இதை எங்கே சொன்னாலும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்று கிருஷ்ணகிரி போய்ச் சேரும்வரை ஹேண்டில்பாரில் அவர் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்ததை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.