என் மகளுக்குச் சொறி இல்லை

பழவேற்காடு,
திங்கள் காலை

அனுப்பம்பட்டு ஜனாப் ஹபீபுல்லா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர் முகைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நாங்கள் நலம். அங்கும் நலமே நிலவ துஆ செய்கிறேன். ‘அன்புள்ள சம்பந்தி’ என்று தொடங்கத்தான் ஆசை. பன்னிரண்டு நாளாக நீங்கள் போனை எடுக்காததால் துணிவு வரவில்லை.

பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்த உங்கள் மச்சினர், கரையில் வலை உதறிக்கொண்டிருந்த எல்லப்பனிடம் கேட்டிருக்கிறார். எல்லப்பன் என்னிடம் படித்தவன், பொய் சொல்லத் தெரியாது, அதுவே வினையாகிவிட்டது. “வாத்தியார் பொண்ணா? பெங்களூர்ல நாலு வருசமா சொறியோடதான் கெடக்குது. அதுக்கு சம்பளம் வேற தர்றாங்கன்னா பாத்துக்கோ” என்றானாம். மச்சினர் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். சொறி என்பது குடை போன்ற வழவழப்பான கடல் பிராணி, ஜெல்லி மீன், பட்டால் அரிக்கும், அதனால் மீனவர்கள் வைத்த பெயர் என்று அவருக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. நான் போய்க் கேட்டால், “இன்னா சார், இதத்தான சொன்னேன்” என்று எல்லப்பன் வலையைத் தூக்கிக் காட்ட, அதிலிருந்த சொறி என் முழங்கையில் பட்டுவிட்டது. மறுநாள் நேரில் விளக்கலாம் என்று உங்கள் வீட்டுக்கு வந்தேனா, வாயைத் திறக்குமுன் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது, எனக்கு மட்டும் பேப்பர் கப்பில். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே எழுத்தில் சொல்கிறேன். ஒரு வகைச் சொறியின் உடம்பில் ஒரு புரதம் உண்டு. நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். உதாரணமாக, ஏரியில் நூறு படகுகள் ஒரே மாதிரி போகின்றன. ஒன்றில் மட்டும் பச்சை விளக்கைக் கட்டிவிட்டால், அது எங்கே போகிறதென்று கரையிலிருந்தே தெரியுமல்லவா? படகு என்பது நம் உயிரணுவுக்குள் நடமாடும் ஒரு புரதம். விளக்கு சொறியினுடையது. பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் அதைக் கட்டிவிடுவது என் மகள் மலீஹா. பவளத்துக்கு உறவான கடல் பிராணி ஒன்றிடமிருந்து சிவப்பு விளக்கும் எடுத்திருக்கிறார்கள். பச்சையும் சிவப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தால் படத்தில் மஞ்சளாகத் தெரியுமாம். நோய் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று இப்படித்தான் பார்க்கிறார்கள். இதற்கு யாரும் சொறியைத் தொட வேண்டியதில்லை. அதன் மரபணுவைக் கிருமிக்குள் வைத்து வளர்க்கிறார்கள். கிருமி என்று எழுதியிருக்கக் கூடாது. தயிரில் இருக்கிறதே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கையிலுள்ள தடிப்பில் கால்வாசிகூட அவளுக்குக் கிடையாது.

உங்கள் முடிவு தெரியாமல் எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஒரு வரி பதில் போடுங்கள். வீட்டம்மாவுக்கும் மாப்பிள்ளை ரியாஸுக்கும் என் ஸலாம். உங்கள் வீட்டில் அல்லாஹ் பரக்கத்தை நிறைக்கட்டும்.

இப்படிக்கு,
முகைதீன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மலீஹாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். எல்லப்பன் மேல் குற்றமில்லையாம். உங்கள் வீட்டம்மா முன்பே அவளைப் போனில் கூப்பிட்டு, நிக்காஹ் முடிந்ததும் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்களாம். “‘எனக்குச் சொறி இருக்கு மாமி, அது என்னை உடாது’ன்னு நான்தான், வாப்பா, அவங்ககிட்ட சொன்னேன்” என்கிறாள். முப்பது வருடம் பெண் பிள்ளைகளைப் படி, படி என்று விரட்டியவன் நான். வேறு தாள் எடுத்து எழுதப் பொறுமையில்லை. மேற்கண்ட விளக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு, பெண்ணுக்குத் தீராத சொறி என்றே வைத்துக்கொள்ளவும்.