பூத்தூவ வந்த ஹெலிகொப்டரும் என் ஸ்பேனரும்

பெட்டரி என்றால் பெட்டரிதான், லொறியில் இருந்தால் என்ன, ஆகாயத்தில் பறந்தால் என்ன என்று நம்பியவன் நான். நோர்வூட்டில் இருபது வருடமாக பெட்டரிக் கடை வைத்திருப்பவனுக்கு அந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி?

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகத்தன்று கோபுரத்தில் பூத்தூவ ஒரு ஹெலிகொப்டர் வாடகைக்கு வந்தது. (பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் போன வருடம் யானை கொண்டுவந்திருந்தார்கள். எங்களுக்கும் மானம் இருக்கிறதல்லவா.) மைதானத்தில் இறங்கி, செவ்வந்தி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பப் பார்த்தால், 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

விமானி சிங்களவர். மூக்குப் பக்கத்து மூடியைத் திறந்து பார்த்தார். பெட்டரி முனையில் நட் தளர்ந்திருந்தது. அவர் கேட்டது ஒரு ஸ்பேனர். கோயில் தலைவர் ஸ்பேனரோடு என்னையும் அனுப்பிவைத்தார்.

"பத்தரைக்கு கலசத்துல தண்ணி ஊத்திருவாங்க மூர்த்தி. அதுக்குள்ள பூ விழுகணும். இல்லாட்டி அந்த யானைக்காரனுக மூஞ்சில முழிக்க முடியாது."

"பத்து நிமிசம் குடுங்க தலைவரே."

இறுக்கினால் போதும் என்று விமானி சைகை காட்டினார். பாதித் தோட்டமும் சுற்றி நின்று பார்க்கும்போது வெறும் நட்டை இறுக்குவதா? வயர்களைக் கழற்றினேன். சுரண்டினேன், ஊதினேன், காதை வைத்துக் கேட்டேன் (எதைக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது). கடை வழக்கப்படி இரண்டு முனையிலும் தடிப்பாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வயர்களை மாட்டி இறுக்கினேன்.

விமானி சுவிட்சைப் போட்டார். இப்போது 'டிக்'கூட இல்லை.

சிறைக்கு யார் சோறு கொண்டுவருவார்கள் என்று யோசித்துக்கொண்டே ஓடி, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் இரண்டு பெட்டரிகளையும் கழற்றிவந்து தொடுத்தேன். அதற்கும் அசையவில்லை.

"அண்ணே, இப்ப என் லொறியும் போச்சா?" என்றான் டிரைவர்.

கோயில் பக்கமிருந்து 'அரோகரா' கேட்டது. தண்ணீர் ஊற்றியாயிற்று. தலைவர் என்னைப் பார்க்கவில்லை, ஸ்பேனரைத்தான் பார்த்தார்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள்.

"ஏங்க, வழக்கம்போல பொட்டு வச்சீங்களா?"

"வச்சேன்."

"எங்க வச்சீங்க?"

நான் பெட்டரி முனையைக் கைகாட்டினேன். விமானி வயரைக் கழற்றி, விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தார். "மே மொகத்த?" இது என்ன என்று கேட்கிறார்.

"சந்துன், மாத்தயா," சந்தனம் ஐயா என்றேன்.

அவர் தன் கைக்குட்டையால் துடைத்து மாட்டினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

பூ விழுந்தது. அதற்குள் சனம் அன்னதானத்துக்கு உட்கார்ந்துவிட்டதால், பாதி சாம்பாரில் விழுந்தது. யானைக்காரர்கள் என்னை இன்றும் 'செவ்வந்தி சாம்பார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆயுத பூசையன்று சந்தனக் கிண்ணம் என் மனைவியின் மடியில்தான் இருக்கும். கடைக்கு வருகிறவர்களோ, "பொட்டு வேணாம்ணே, வேலைய மட்டும் பாருங்க" என்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். லொறி பெட்டரியின் முனை கட்டைவிரல்போல நிமிர்ந்து நிற்கும். வயர் அதன் கழுத்தைப் பிடிக்கும், பொட்டு தலையில் இருக்கும். அந்த ஹெலிகொப்டர் பெட்டரியின் முனை தட்டை. வயர் பொட்டின் மேலேயே படுத்துக்கொண்டது. பெட்டரியில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு நட் தளர்ந்திருந்தது.