அழும் முகத்துக்கு ஆள் இல்லை

அன்றைக்கும் வகுப்பில் எல்லாரும் சந்தோஷமாகவே இருந்தார்கள். கோதண்டராமன் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டான்.

சுவரில் ஐந்து முகங்கள் ஒட்டியிருந்தன. சிரிப்பு, அழுகை, கோபம், பயம், வெட்கம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் உள்ளே வந்ததும் தங்கள் மனநிலைக்கேற்ற முகத்தைத் தொட்டுவிட்டு உட்கார வேண்டும். உணர்வுகளைச் சொல்லப் பழகினால் தன்னம்பிக்கை தானாக வரும் என்று விழுப்புரத்துப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் சிரிப்பையே தொட்டால், ஆசிரியர் இன்னும் பிள்ளைகளின் மனத்தைத் தொடவில்லை என்று அர்த்தம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

சிரிக்கும் முகம் விரல்பட்டு அழுக்கேறிக் கிடந்தது. அழும் முகம் அச்சகத்துப் பளபளப்பு மாறாமல் இருந்தது.

"எலிசபெத், வீட்ல யாரும் திட்டலியா?"

"இல்ல சார்."

"மனசுல ஏதாவது பாரம்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "நேத்து கோழி அடிச்சாங்க சார். வயித்துலதான் பாரம்."

வாசலில் தலைமையாசிரியர் பால்சாமி நின்றிருந்தார். "வெள்ளிக்கிழமை விழுப்புரம் ஆபீஸ்லேர்ந்து கவிதா மேடம் வகுப்பைப் பாக்க வராங்க, கோதண்டம். பசங்க மனசைத் தொறந்து தைரியமாப் பேசினாத்தான் உன் தற்காலிக வேலையை நீட்டிப்பாங்க. இல்லன்னா..."

"இல்லன்னா எங்க நைனாவோட சிமெண்டு கடை சார்."

கடை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. "வந்து கல்லாவுல உக்காருடா. சிமெண்டு மூட்டைக்கு மனசு கெடையாது. நிம்மதி" என்று அப்பா தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கோதண்டராமன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ராஜகிரிக் கோட்டை மலையில் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எந்த நொடியும் உருண்டுவிடுவதுபோல நின்றன. ஆனால் உருளவில்லை. அந்தப் பாறைகளுக்கு இருக்கும் தைரியம்கூடத் தனக்கு இல்லை என்று தோன்றியது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

வகுப்பு அடங்கியது. ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு நவீன் எழுந்து போய் அழும் முகத்தைத் தொட்டான்.

"எங்க பெரியப்பா செத்துட்டாரு சார்."

"அருமை!" என்று துள்ளி எழுந்த கோதண்டராமன், சுதாரித்துக்கொண்டு, "ஐயோ" என்றான். மனத்தைத் திறந்த நவீனுக்கு எல்லாரையும் கைதட்டச் சொன்னான்.

மறுநாள் கலைவாணி அழும் முகத்தைத் தொட்டாள். அவளுடைய நைனா குடித்துவிட்டு வந்து தட்டை வீசுகிறாராம். அதற்கும் கைதட்டல். அடுத்த நாள் எலிசபெத், அம்மா சூடு போட்டதாகச் சொன்னாள். பலத்த கைதட்டல்.

"இவ்ளோ துக்கமா?" என்றார் பால்சாமி. "போன வாரம் வரைக்கும் நல்லாத்தானேய்யா இருந்துதுங்க?"

"உள்ள இருந்துச்சு சார். இப்பத்தான் வெளிய வருது."

"சரி, நவீனோட பெரியப்பா வீட்ல போயி துக்கம் விசாரிச்சியா? விசாரிக்காம விட்டா ஊர்ல தப்பா நெனைப்பாங்க."

கோதண்டராமன் சாயங்காலமே பெரிய ரோஜா மாலையோடு போனான். கட்டம் போட்ட லுங்கியில் ஒருவர் கதவைத் திறந்தார்.

"நவீனோட பெரியப்பா, அருளப்பன் வீடு..."

"நான்தான் அருளப்பன். வாங்க. மாலை யாருக்கு?"

கோதண்டராமன் மாலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்க... உங்களுக்குத்தாங்க."

"எனக்கா! எதுக்கு?"

"ரொம்ப நல்ல மனுஷர்னு..." துக்க வீட்டுக்காக வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வாக்கியம் அது.

அருளப்பன் கண் கலங்கினார். "உசுரோட இருக்கும்போதே இதைச் சொன்னது நீ ஒருத்தன்தான்பா" என்று கழுத்தை நீட்டினார். பிறகு அந்த மாலையோடு ஊரைச் சுற்றி, பள்ளிக்கூடத்து சார் தனக்குச் செய்த மரியாதையைச் சொல்லிவிட்டு வந்தார்.

பேச்சோடு பேச்சாக வகுப்பில் நடந்ததும் ஊருக்குத் தெரிந்துபோனது. வியாழக்கிழமை காலை கலைவாணியின் அப்பா அரிகிருஷ்ணன் வந்துவிட்டார்.

"நான் பீடி கூடத் தொட்டதில்ல சார். நான் குடிச்சிட்டு வரேன்னு எம் பொண்ணு சொன்னதுக்கு நீங்க இன்னாத்துக்கு கைதட்டினீங்க?"

பின்னாலேயே எலிசபெத்தின் அம்மா ஜெயராணி. "சூடு போட்டேனாமே! எங்க, தழும்பைக் காட்டு. நாங்க ஊட்டி ஊட்டி வளக்குறோம், நீ அழுவ வெச்சி வேடிக்கை பாக்குறியா?"

இருவரையும் சமாதானப்படுத்தி அனுப்ப மதியம் ஆகிவிட்டது. கோதண்டராமன் வகுப்புக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"இனிமே நிஜத்தை மட்டுந்தான் சொல்லணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

வெள்ளிக்கிழமை கவிதா மேடம் வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வரிசையாகப் போய், ஒருவர்கூடத் தப்பாமல், சிரிக்கும் முகத்தைத் தொட்டுவிட்டு வந்தார்கள்.

"எல்லாருமேவா?" என்றார் மேடம். "ஒரு பிள்ளைக்குக்கூட வேற உணர்வே கிடையாதா? மிரட்டி வெச்சிருக்கீங்களா சார்?"

கோதண்டராமன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கில் சிமெண்டு தூசி படிந்தது போலிருந்தது. உதடு துடித்தது. வகுப்பே அவனைப் பார்த்தது. நவீன் பெருமூச்சு விட்டபடி எழுந்தான்.

"எங்க பெரியப்பா செத்துட்டாரு மேடம்."

"அடப் பாவமே" என்று மேடம் எழுந்து வந்து அவன் தலையைத் தடவியபோது, வாசலில் ஒரு குரல் கேட்டது.

"சார், கொல்லையில புடுங்கினது. மல்லாட்டை அவிச்சி எடுத்தாந்தேன், பசங்களுக்கும் குடுங்க." வேர்க்கடலைப் பையோடு அருளப்பன் நின்றிருந்தார்.

"நீங்க யாரு?" என்றார் மேடம்.

"நவீனோட பெரியப்பாங்க."

நவீன் தலையிலிருந்த கையை மேடம் மெதுவாக எடுத்தார். பால்சாமி வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார்.

"பிள்ளைங்க மனசைப் புரிஞ்சிக்கத்தான் உங்களை அனுப்பினோம். நீங்க பொய் சொல்லப் பழக்கியிருக்கீங்க. இந்த வேலைக்கு நீங்க சரிப்படமாட்டீங்க சார்."

கோதண்டராமன் தலையாட்டினான். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. சுவரிலிருந்த முகங்களை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தான்.

"சார் பழக்கல மேடம்." எலிசபெத் எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை. "நாங்களாத்தான் சொன்னோம்."

"பொய் சொல்றது பாவம்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் மேடம். ஆனா சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் பண்றப்பகூட, சாமியாரு அவ்ளோ நேரமா காத்துக்கினு இருக்காரேன்னு, ஒண்ணும் செய்யலன்னாலும் ஒரு பாவமாச்சும் சொல்லிட்டுத்தான் வருவோம்."

"அது சரி, இங்க எதுக்கு?"

"நாங்க சந்தோஷமா இருக்கோம்னு சொன்னா எங்க சார் அழுதுடுவாரு மேடம். அதான், அவரு அழுவாம இருக்க யாரு என்னைக்கு அழுவறதுன்னு நாங்க முறை வெச்சிக்கினோம்."